டிபிஎம்முக்குப் பல் மாற்றுவது எங்கே, எப்படி?

மெட்ரோ சுரங்கம் தோண்டும் டிபிஎம் இயந்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், இன்றைக்கு எத்தனை மீட்டர் போனது என்றுதான் வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். உள்ளே வேலை பார்ப்பவர்களின் கவலை வேறு. அடுத்து எங்கே நிறுத்தப் போகிறோம்? இயந்திரத்தின் முன்னால் சுழலும் கட்டர் ஹெட்டில் பாறையை நசுக்கும் டிஸ்க் கட்டர்களும் மண்ணைச் சுரண்டும் பற்களும் போகப் போகத் தேயும். தேய்ந்ததைக் கழற்றிப் புதிது மாட்ட யாராவது முன்னால் போயே ஆகவேண்டும். போகிற இடம் இயந்திரத்தின் தடித்த இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே ஆளுக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது மண் மட்டும்தான்.

நம் ஊர் மெட்ரோக்களில் அதிகம் ஓடுவது மண்ணழுத்தச் சமநிலை வகை இயந்திரம். வெட்டிய மண்ணையே முன்னறையில் நிரப்பி, அந்த அழுத்தத்தால் எதிரே உள்ள மண்ணும் நீரும் உள்ளே சரியாமல் பிடித்துக்கொள்வது இதன் வேலைமுறை. ஓடும்போது இது அருமையான ஏற்பாடு. பல் மாற்றுவதற்கு மட்டும் இதுவே தடை. ஆள் உள்ளே போகவேண்டுமானால் மண்ணை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தபின் முகப்பை, அதாவது எதிரே நிற்கும் மண்சுவரை, எது தாங்கும்? எல்லா வழிகளும் இந்த ஒரு கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான்.

ஒப்பிடுவதற்கு ஒரு சூழலைக் கண் முன்னே வைத்துக்கொள்ளலாம். சுமார் 6.6 மீட்டர் விட்டமுள்ள இயந்திரம், மேலே சாலையும் பழைய வீடுகளும், நிலத்தடி நீர் தரைக்குச் சில மீட்டர் கீழே, முகப்பில் கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி மணல். சென்னையில் கடற்கரைப் பக்கம் மணலும் களிமண்ணும் இருக்கும். சைதாப்பேட்டை, கிண்டிப் பக்கம் போனால் சார்னோகைட் பாறை. நடுவில் இரண்டும் கலந்து வரும். அந்தக் கலவை முகப்புதான் கட்டர்களைத் தின்பது. பாறையில் உருள வேண்டிய டிஸ்க், மேலே மணலில் சரியாகச் சுழலாமல் நின்று ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையாகிவிடும். இயந்திரம் அடிக்கடி நிற்க வேண்டிய இடமும், நிற்கவே கூடாத இடமும் ஒன்றாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

வெறும் காற்றில் கதவைத் திறப்பது

எல்லோருக்கும் பிடித்த வழி இது. மண்ணை வெளியே தள்ளும் திருகுக் குழாயான ஸ்க்ரூ கன்வேயர் வழியாக இறக்கி, இரும்புச் சுவரில் உள்ள கதவைத் திறந்து, சாதாரணக் காற்றிலேயே உள்ளே போவது. அழுத்தம் ஏற்ற, இறக்க நேரம் செலவாகாது. வெல்டிங் செய்யலாம். அனுபவமுள்ள ஆளை நேராக அனுப்பலாம், மருத்துவச் சோதனை தடையாக நிற்காது. திடமான பாறையிலோ, நீர் புகாத கெட்டிக் களிமண்ணிலோ இதைவிடப் பாதுகாப்பானது கிடையாது.

ஆனால் 'கெட்டி' என்று முகப்பைப் பார்த்துச் சொல்வது ஆபத்து. டென்மார்க்கின் ஸ்டோர்பெல்ட் கடலடி ரயில் சுரங்கத்தில் 1991 அக்டோபரில் நடந்ததை டிபிஎம் வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த இயந்திரத்தின் முன்பக்கம் நீர் உடைத்துக்கொண்டு வந்தது. கதவை நேரத்துக்கு மூட முடியவில்லை. கடல் நீர் அந்தச் சுரங்கத்தை நிரப்பி, பக்கத்துச் சுரங்கத்தில் நின்ற இன்னொரு இயந்திரத்தையும் மூழ்கடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. இயந்திரங்களுக்குத்தான் பேரிழப்பு. நிறுத்திய இடத்து மண் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது, அது நிற்காமல் போகும்வரை.

வெறும் காற்றில் போவதானால், இரும்புச் சுவரில் உள்ள வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து நீர் எவ்வளவு, எவ்வளவு நேரம், கலங்கலாகவா தெளிவாகவா வருகிறது என்று பார்த்த பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும். கதவு வழியாக ஒரு ஹோஸோ கேபிளோ போகக்கூடாது. போனால் சட்டென்று பிரியும் இணைப்போடு போகவேண்டும். மேலே எடுத்துக்கொண்ட கலவை முகப்பில், மண்ணை எதுவும் செய்யாமல் இந்த வழியை நான் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். பாறை கீழ்ப்பாதியில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சரியப்போவது மேல்பாதி மணல்.

அழுத்தக் காற்றில் இறங்குவது

அறையில் பாதி மண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அழுத்தக் காற்றை ஏற்றி, காற்றாலேயே நீரையும் மண்ணையும் பின்னுக்குத் தள்ளி வைப்பது. ஆட்கள் மேன்லாக் என்ற இரும்பு அறையில் உட்கார்ந்து, மெல்ல அழுத்தத்துக்குப் பழகி, உள்ளே போய் வேலை செய்து, திரும்பும்போது இன்னும் மெல்ல இறங்குவார்கள். நகர மெட்ரோக்களில் அதிகம் நடப்பது இதுதான். அதிகம் நடப்பதாலேயே இதன் கணக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து மீட்டர் நீருக்கு அழுத்தம் ஒரு பார். சுரங்கத்தின் உச்சி 12 மீட்டர் ஆழத்தில், நீர்மட்டம் 2 மீட்டரில் என்றால் உச்சியில் நீரழுத்தம் 1 பார், நடுவில் 1.33, அடியில் 1.66. நீருக்கு ஆழத்துக்கு ஏற்ற அழுத்தம் உண்டு. காற்றுக்கு மேலும் கீழும் ஒரே அழுத்தம்தான். பாதி அறையைக் காலி செய்து நடுமட்டத்து நீரைத் தடுக்க 1.33 பார் ஏற்றினால், உச்சியில் தேவைக்கு மேல் 0.33 பார் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே 12 மீட்டர் மண்ணின் எடை சுமார் 2.2 பார் என்பதால் கவலையில்லை. இதே இயந்திரம், அதை இறக்கிய செங்குத்துக் குழியான ஷாஃப்டை விட்டுப் புறப்பட்டவுடன், உச்சிக்கு மேல் 5 மீட்டர் மண்ணோடு நிற்கிறது, நீர்மட்டம் அதே 2 மீட்டர் என்று வையுங்கள். மண்ணின் எடை 0.9 பார். அடிமட்டத்து நீரையும் தடுத்து அறையை முழுக்கக் காலி செய்ய 0.96 பார் வேண்டும். காற்று மேலே பிய்த்துக்கொண்டு போகும்.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. லண்டனில் டாக்லாண்ட்ஸ் இலகு ரயிலை லூயிஷாம் வரை நீட்டிக்கும் வேலையில், 1998 பிப்ரவரியில் சுரங்கத்துக்குள் ஏற்றியிருந்த அழுத்தக் காற்று தரையைப் பிளந்துகொண்டு வெளியேறியது. ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் 20 மீட்டருக்கு மேல் அகலமான பள்ளம் விழுந்தது. விடிவதற்கு முன் நடந்ததால் பிள்ளைகள் யாரும் இல்லை. அழுத்தக் காற்று உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுவதற்காக ஏற்றப்படுவது. கணக்குத் தவறினால் அடி விழுவது சாலையில் போகிறவருக்கு.

மணலில் இன்னொரு தொல்லை, காற்று கசிவது. முகப்பில் பென்டோனைட் என்ற களிமண் குழம்பை அழுத்தி ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்கினால்தான் காற்று நிற்கும். குழம்பு ஓட்டும் வகை இயந்திரத்தில் இந்தப் பூச்சு தானாகவே இருக்கிறது. மண்ணழுத்த வகையில் அறையில் உள்ள மண்ணைப் படிப்படியாகப் பென்டோனைட்டால் மாற்றி, நேரம் கொடுத்து உண்டாக்க வேண்டும். அவசரம் காட்டினால் பூச்சு பிடிக்காது. பிடித்த பூச்சும் காய்ந்து வெடிக்கும். ஆட்களை வெளியே எடுத்து, மறுபடி குழம்பேற்றிப் புதுப்பிக்க வேண்டும். கம்ப்ரசரின் காற்றளவு மீட்டர் மெல்ல ஏறிக்கொண்டே போனால் அதுதான் முகப்பு தரும் முதல் எச்சரிக்கை. கம்ப்ரசர் ஒன்று மின்சாரத்தில் ஓடினால் மாற்று டீசலில் ஓட வேண்டும். இரண்டும் ஒரே மின்னிணைப்பை நம்பியிருந்தால் அது மாற்றே இல்லை.

பிறகு உடம்பு. அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், வேகமாக வெளியே வந்தால் குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி முதுகுத்தண்டு வரை பாதிக்கும். ஆண்டுகள் கழித்துத் தொடை எலும்பின் தலை செத்துப்போவதும் உண்டு. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றடிச் சுரங்க வேலைக்கு 1889-இல் போன எர்னஸ்ட் மோயர், தொழிலாளர்களில் ஆண்டுக்குச் சுமார் நாலில் ஒரு பங்கினர் சாகும் வேகத்தைக் கண்டார். பாதிக்கப்பட்டவரை மீண்டும் அழுத்தத்தில் வைத்து மெதுவாக இறக்கும் மருத்துவ அறையை அங்கே நிறுவினார். சாவு வெகுவாகக் குறைந்தது. இன்றும் அதே அறை, அதே தத்துவம். இப்போது இறங்கும்போது ஆக்சிஜன் சுவாசிக்கக் கொடுப்பது கூடுதல். பிரிட்டனில் 1996 முதல் இருக்கும் விதிகள் 3.5 பாருக்கு மேல் சாதாரண அனுமதியில் போகவிடுவதில்லை. வேலை முடித்துப் போகிறவர் அடையாள அட்டை ஒன்றை உடம்பில் வைத்திருப்பார். வழியில் மயங்கி விழுந்தால் எந்த அழுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் இருக்கும். நம் நாட்டில் ஐஎஸ் 4138 என்ற பாதுகாப்பு நெறி அழுத்தக் காற்று வேலைக்கென்றே இருக்கிறது. அந்த அடையாள அட்டை நம் ஊரில் இன்னும் அவசியம் என்பேன். முட்டி வலிக்கிறது என்று ஒருவர் இரவில் பக்கத்து கிளினிக்குக்குப் போனால், அங்கே கேட்கிற முதல் கேள்வி 'எங்கே விழுந்தீங்க?' என்பதாகத்தான் இருக்கும்.

தீ இன்னொரு பகை. அழுத்தம் கூடினால் காற்றில் ஆக்சிஜனின் பங்கழுத்தமும் கூடும். சின்னப் பொறி பெரிதாகப் பற்றும். ஓடித் தப்பவும் முடியாது, மேன்லாக்கில் உட்கார்ந்துதான் வெளியே வரவேண்டும். அதனால் வெல்டிங் தேவைப்படும் பழுது இருந்தால் அழுத்தக் காற்று வழி பாதி அடைபட்டுவிடும். டிஸ்க் கழற்றி மாட்டலாம். டிஸ்க்கைத் தாங்கும் கூடு உடைந்தால் அதை ஒட்டவைப்பது அங்கே செய்யக்கூடிய வேலையல்ல.

நெதர்லாந்தின் வெஸ்டர்ஸ்கெல்ட் போன்ற ஆழமான சுரங்கங்களில், கடலடி எண்ணெய்க் கிணற்று டைவர்களைப் போல ஆட்களை நாட்கணக்கில் அழுத்த அறையிலேயே குடியிருக்கச் செய்து, கலப்பு வாயு கொடுத்து வேலை வாங்கினார்கள். நகர மெட்ரோவின் 1, 2 பாருக்கு அது தேவையில்லாத வேலை.

மண்ணை முன்கூட்டியே இறுக்கி வைப்பது

இயந்திரம் வருவதற்கு முன்பே, நிறுத்தப்போகும் இடத்தில் மேலிருந்து துளையிட்டுச் சிமென்ட் கலவை செலுத்தி, அல்லது வலுக்குறைந்த கான்கிரீட் சுவர்களை இறக்கி, ஒரு கட்டியை உருவாக்கிவிடலாம். இயந்திரம் அதைக் குடைந்துகொண்டு உள்ளே போய் நிற்கும். கதவை வெறும் காற்றில் திறக்கலாம், வெல்டிங் செய்யலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 17.5 மீட்டர் விட்டமுள்ள 'பெர்த்தா' என்ற டிபிஎம் 2016-இல் பழைய மேம்பாலத்தின் அடியில் நுழையும் முன் இப்படி ஒரு கட்டிக்குள் நிறுத்திச் சோதிக்கப்பட்டது. ஆபத்தான பகுதிக்கு முன்னால் பல்லைச் சரிபார்த்துக்கொண்டு போவது, நடுவழியில் நின்று யோசிப்பதைவிட எவ்வளவோ மேல்.

குறைகள் பெரும்பாலும் தரைக்கு மேலே. துளையிடும் ரிக் நிற்கச் சாலையில் இடம் வேண்டும், போக்குவரத்துப் போலீஸ் அனுமதி வேண்டும், அடியில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மின் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று யாராவது உறுதியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு நேர் கீழே என்றால் வழியே இல்லை, அல்லது சாய்வாகத் துளையிட வேண்டும். சாய்வுத் துளையில் கலவை எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்வது கடினம். கட்டிக்குள் விட்டுப்போன ஒரு மணல் நாளம் போதும், எல்லாம் வீணாக. அதனால் மாதிரி எடுத்து உறுதியையும் நீர்க்கசிவையும் சோதிக்காத கட்டியை நான் கட்டி என்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நீர்மட்டத்தை இறக்குவது இதன் தம்பி. ஸ்டோர்பெல்டில் அந்த விபத்துக்குப் பின் கடலடியில் கிணறுகள் போட்டு மண்ணுக்குள் இருந்த நீரழுத்தத்தைக் குறைத்தார்கள். கடலில் யாருக்கும் நஷ்டமில்லை. ஊருக்குள் நீரை இறக்கினால் களிமண் அமுங்கும், பழைய சுவர் விரியும், தெருவின் போர்வெல் வற்றும். மண்ணை உறையவைக்கும் முறையும் உண்டு. வாரக்கணக்கில் குளிரூட்ட வேண்டும், உறையும்போது தரை உப்பும். அவசரத்துக்கு ஆகாது.

மேலிருந்து ஷாஃப்ட் தோண்டி எடுப்பது

இது தேர்வு அல்ல, வேறு தேர்வில்லாத நிலை. பெர்த்தா 2013 டிசம்பரில் ஓர் இரும்புக் குழாயை இடித்தபின் சில நாளில் நின்றது. மெயின் பேரிங்கின் சீல்கள் சேதமாகியிருந்தன. 36 மீட்டர் ஆழத்துக்கு ஷாஃப்ட் தோண்டி, 2015 மார்ச்சில் கட்டர் ஹெட்டைத் தூக்கி எடுத்துப் பழுது பார்த்து, 2015 டிசம்பரில்தான் மீண்டும் ஓட்டினார்கள். இரண்டு ஆண்டு. நடுவில், ஷாஃப்டுக்காக நீர் இறைத்த காலத்தில் சுற்றுவட்டாரத் தரை சுமார் ஓர் அங்குலம் இறங்கியது தெரியவந்து ஊரே கலங்கியது.

கொல்கத்தாவின் பௌபஜார் கதை இன்னும் நெருக்கமானது. 2019 ஆகஸ்ட் 31 அன்று 'சண்டி' என்ற டிபிஎம் நீர்த்தாங்கு மண்ணில் முட்டியது. மேலே பழைய வீடுகள் இடிந்தன, நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். இயந்திரத்தை எடுக்க அங்கேயே ஷாஃப்ட் தோண்டினார்கள். 2022 மே மாதம் அதன் அடித்தள வேலையின்போது நீர் கசிந்து, அதே தெருவின் வீடுகளில் மறுபடி விரிசல். ஷாஃப்டே இரண்டாவது விபத்துக்கான வாசலாகலாம் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

இயந்திரம் வாங்கும்போதே தீர்ப்பது

ஹாம்பர்க்கில் எல்பே நதியின் நான்காவது சுரங்கத்தை 1997 முதல் 2000 வரை தோண்டிய 14.2 மீட்டர் 'ட்ரூடே', கட்டர் ஹெட்டின் ஆரக்கால்களுக்குள்ளேயே ஆள் நடந்துபோய், வெறும் காற்றில் பின்பக்கமாகப் பல்லைக் கழற்றும்படி செய்யப்பட்டது. இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் கடலடியைக் குடைந்த 13.7 மீட்டர் இயந்திரத்திலும் இதே ஏற்பாடு. ஹாங்காங்கின் துயன்முன் – செக்லாப்கோக் சுரங்கத்தில் டிஸ்க் மாற்ற ரோபோவையே இறக்கினார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. 6.6 மீட்டர் இயந்திரத்தின் ஆரக்காலில் ஆள் நுழைய இடமில்லை. இடத்தை வலிந்து உண்டாக்கினால் மண் புகும் வாய்கள் சிறுத்து, களிமண்ணில் அடைத்துக்கொள்ளும். மெட்ரோ அளவுக்கு இந்தப் பேச்சை இப்போதைக்கு மூடிவைக்கலாம். தேய்மானத்தைச் சொல்லும் உணர்விகளைப் பற்களில் பொருத்தித் தரச்சொல்வது மட்டும் விலைக்குத் தகுந்த காரியம். அனாவசியமாக உள்ளே போகும் தடவைகள் குறையும்.

எதை எடுப்பது

முதலில் ஸ்டேஷன். மெட்ரோவில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் வருகிறது. இயந்திரம் வந்து சேரும்முன் ஸ்டேஷன் குழி தயாராக இருந்தால், அங்கே வெளிச்சத்தில், கிரேன் வைத்து, எல்லாப் பல்லையும் மாற்றலாம். இதைவிடப் பாதுகாப்பான பராமரிப்புக் கிடையாது. ஸ்டேஷன் வேலை பின்தங்கி இயந்திரம் முந்திக்கொண்டால் இந்த வாய்ப்பு போய்விடும். கட்டுமான அட்டவணையில் இதைப் பாதுகாப்பு விஷயமாக யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே கலவை முகப்பு வருகிறது என்று துளைச்சோதனை சொன்னால், அதற்குள் நுழைவதற்கு முன்னால் ஒன்று, நீளமாக இருந்தால் நடுவில் ஒன்று, இறுக்கிய கட்டிகளைப் போட்டு வைப்பேன். இடத்தைத் தேர்வது மேலே உள்ள தெருவைப் பார்த்து: பூங்கா, விளையாட்டுத் திடல், அகலமான சாலையின் ஓரம். இயந்திரத்தின் வசதிக்காகப் பழைய வீட்டின் அடியில் நிறுத்துவது தலைகீழ் நியாயம்.

கட்டி போட முடியாத இடத்தில் அழுத்தக் காற்று. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. மேலே போதிய மண் இருக்க வேண்டும். பூச்சு பிடித்துக் காற்றளவு நிலையாக நிற்பதைப் பல மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். மருத்துவ அழுத்த அறை சைட்டிலேயே வேண்டும். மேலே தரை இறங்குகிறதா என்று அளப்பவர் ஒவ்வொரு ஷிப்டும் இருக்க வேண்டும். அந்தச் சாலை ஓரத்தைத் தடுப்பு போட்டு மூட வேண்டும். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கத்துக்கு மேலே திடீரென்று பள்ளம் விழுந்து மாநகரப் பேருந்தும் காரும் உள்ளே இறங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். எல்லோரும் தப்பினார்கள். கீழே வேலை நடக்கிறது என்பது மேலே போகும் பேருந்துக்குத் தெரிய வழியில்லை.

உள்ளே போனபின் எல்லா வழிக்கும் பொதுவான சில காரியங்கள். கட்டர் ஹெட் சுழலாதபடி பூட்டி, சாவி உள்ளே போகிறவர் கையில் இருக்க வேண்டும். அடுத்த டிஸ்க்கைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவர ஹெட்டைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் எல்லோரும் வெளியே வந்து, எண்ணிச் சரிபார்த்த பிறகே திருப்ப வேண்டும். ஒரு டிஸ்க் நூறு கிலோவைத் தாண்டும். வழுக்கும் இடத்தில் செயின் பிளாக் இல்லாமல் தோளில் தூக்குவது வீரம் இல்லை. தலைக்கு மேல் உள்ள முகப்புக்குப் பலகைத் தடுப்பு வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும், விழுந்த ஒரு கல்லே ஆளைக் கொல்லும்.

எப்போது நிறுத்துவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஹெட்டைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை (டார்க்) ஏறுகிறது, வேகம் குறைகிறது, வெளிவரும் மண் சூடாக இருக்கிறது என்றால் பற்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று பொருள். இன்னும் ஐம்பது மீட்டர் இழுத்துப் பார்க்கலாம் என்று போனால், தேய்ந்த டிஸ்க்குப் பக்கத்து டிஸ்க்கும், அதைத் தாங்கும் கூடும் சேர்ந்து போகும். அப்போது வெல்டிங் வேண்டும். வெல்டிங் வேண்டும் என்றால் வெறும் காற்று வேண்டும். அது இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இயந்திரம் நின்றிருக்கும். பாதித் தேய்மானத்திலேயே நல்ல இடம் வந்தால் மாற்றிவிடுவேன். மிச்சமுள்ள இரும்பு வீண்தான், இருக்கட்டும்.

இப்படிச் செய்ய ஒப்பந்தம் இடம் கொடுக்க வேண்டும். பல் மாற்றும் நிறுத்தங்களை மீட்டர் விலைக்குள்ளேயே அடக்கிவிட்டால், நிறுத்தாமல் ஓடுகிறவருக்கு லாபம், நிறுத்துகிறவருக்கு நஷ்டம். கட்டிகள், அழுத்தக் காற்று நேரம், மருத்துவ அறை, ஸ்டேஷனில் முழுப் பராமரிப்பு ஆகியவற்றைத் தனித்தனி இனங்களாக எழுதி, செய்த அளவுக்குப் பணம் தருவதாக டெண்டரிலேயே போட வேண்டும். சுரங்கப் பாதையின் வரைபடத்தில் ஸ்டேஷன்களைக் குறிப்பதுபோல நிறுத்த இடங்களையும் குறித்து, இயந்திரத்தை ஆர்டர் செய்வதற்கு முன்பே அந்த வரைபடத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.